சிசியைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் கேட்பது, சின்ன எஞ்சினா பெரிய எஞ்சினா என்றுதான். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் 1.6 எடுப்பதா, 1.8 எடுப்பதா? போர்ஷே பாக்ஸ்டர் என்றால் 2.7 போதுமா, 3.2 வேண்டுமா? விற்பனை விளம்பரத்தின் முதல் வரியில் இருப்பதும் அந்த எண்தான். விலை பேசும்போது முன்னால் வந்து நிற்பதும் அதுதான். இந்தக் கேள்வியைத் தவறான இடத்தில் கேட்கிறோம் என்பது என் கருத்து. புதுக் கார் வாங்குபவர் எஞ்சின் அளவை முதலில் முடிவு செய்வதில் நியாயம் உண்டு. ஷோரூமில் நிற்கும் இரண்டு கார்களும் ஒரே வயது, ஒரே நிலை. அவற்றுக்குள் வித்தியாசமே எஞ்சினும் விலையும்தான். பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய கார்களிடையே அப்படியொரு சமநிலை கிடையாது. அங்கே எஞ்சின் அளவு நான்காவது, ஐந்தாவது இடத்துக்கு இறங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இரண்டு கார்கள் சமமாக நின்றால், பெரும்பாலான சாலைகளுக்கும் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கும் சின்ன எஞ்சினே பொருத்தம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் பிரிட்டன் சந்தையைப் பற்றியது. மலிவான பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் தாராளமாகக் கிடைக்கும் நாடு அது. இந்தியாவில் எம்எக்ஸ்-5 விற்பனைக்கே வரவில்லை. ஆனால் சிசியை வைத்து வண்டியின் தகுதியை அளக்கும் பழக்கம் நமக்கும் நன்றாகவே உண்டு. இந்தியாவின் கார் வரியே 1,200 சிசி பெட்ரோல் எஞ்சினை ஒரு எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு எதிரான சாட்சியும் நம் தெருவிலேயே ஓடியது. யமஹா ஆர்எக்ஸ் 100-இன் எஞ்சின் வெறும் 98 சிசி, திறன் 11 குதிரைத்திறன், வண்டியின் எடை ஏறக்குறைய 100 கிலோ. அதே காலத்து புல்லட் 350-க்கு எஞ்சின் மூன்றரை மடங்கு பெரியது, திறன் 18 குதிரைத்திறன், எடை 160 கிலோவுக்கும் மேல். எடைக்கு இவ்வளவு திறன் என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் 100-ஐத் தேடி அலைபவர்கள் அதன் சிசியைக் கேட்பதில்லை. அசல் பாகங்கள் இருக்கின்றனவா, எஞ்சினைப் பிரித்திருக்கிறார்களா என்றுதான் கேட்கிறார்கள். கார் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் வேறு அளவுகோலை எடுக்க வேண்டும்?

முதலில் அந்த எண் எதைத் தருகிறது என்று பார்ப்போம். எஞ்சினின் கொள்ளளவு என்பது அதன் பிஸ்டன்கள் ஒரு முழுச் செயல்சுழற்சியில் விழுங்கக்கூடிய கலவையின் அளவு. டர்போ இல்லாத நவீன எஞ்சின்களில் டார்க், அதாவது இழுவை, ஏறத்தாழ இந்த அளவோடு நேராகவே உயர்கிறது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் 1.5 லிட்டர் எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் தருகிறது, 2.0 லிட்டர் எஞ்சின் 200 தருகிறது. முதல் தலைமுறை பாக்ஸ்டரில் 2.5 லிட்டருக்கு 245, 2.7-க்கு 260, 3.2-க்கு 305. லிட்டருக்கு நூறு என்ற கணக்கு இரு நிறுவனத்திலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. எனவே பெரிய எஞ்சின் உறுதியாகத் தருவது, குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை. குதிரைத்திறன் அப்படியல்ல. அது இழுவையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே வேகமாகச் சுழலும் சின்ன எஞ்சின் இழந்ததில் ஒரு பகுதியை அங்கே மீட்டுக்கொள்கிறது. அந்த 1.5 தன் உச்சத் திறனான 131 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 7,000 சுற்றில் தருகிறது, அன்றைய 2.0 தன் 160-ஐ 6,000 சுற்றிலேயே தந்துவிடும். கியரை மாற்றாமல் சோம்பலாக ஓட்டினால் பெரியது வெல்லும். கியரை மாற்றி, எஞ்சினைப் பாடவிட்டு ஓட்டினால் இடைவெளி சுருங்கும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் இதில் எதை விரும்பி வாங்குகிறார் என்பதை அவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைமுறை மாறினால் இந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. 2016-இல் போர்ஷே நிறுவனம் பாக்ஸ்டரின் 2.7, 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின்களை எடுத்துவிட்டு, 2.0, 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போக்களை வைத்தது. சிசி குறைந்தது, அடிப்படை மாடலின் திறன் 265-லிருந்து 300 குதிரைத்திறனாக உயர்ந்தது. அதன் சத்தம் பிடிக்கவில்லை என்று பலர் முறையிட்டார்கள், 2020-இல் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஒரு மாடல் திரும்பி வந்தது. எஞ்சினின் குணம் வேண்டும் என்று கேட்டால் அது நியாயமான கோரிக்கை. வெறும் லிட்டர் கணக்கில் அது அடங்காது.

இப்போது எம்எக்ஸ்-5-இன் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கைத் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் அது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானபோது அதில் இருந்தது 1,597 சிசி எஞ்சின். பணத்தை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவாக அதைப் பார்க்கக் கூடாது. குதிரையும் அதன் மேல் அமர்ந்தவரும் ஓருடலாக இயங்க வேண்டும் என்பதே தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான பொறியாளர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. 1960-களின் லோட்டஸ் எலான் அவர்களுக்கு முன்மாதிரி. அந்தக் காரும் 1,558 சிசி எஞ்சினோடு 700 கிலோவுக்கும் குறைவான எடையில் புகழ் பெற்றது. ஜப்பானில் விற்ற முதல் எம்எக்ஸ்-5-இன் எடை 940 கிலோ, திறன் 120 குதிரைத்திறன். 1993-இல் 1,839 சிசி எஞ்சின் வந்தபோது திறன் 130 ஆனது. ஆனால் உடலுக்குக் கூடுதல் உறுதிக் கம்பிகள், பெரிய பிரேக் தட்டுகள் என்று எடையும் 980, 990 கிலோ என்று ஏறியது. டன்னுக்கு எவ்வளவு திறன் என்று பார்த்தால் 128-லிருந்து 132 வரைதான் நகர்ந்திருக்கிறது. எடை ஏறியதால் கார் மந்தமாகிவிடாமல் இருக்கவே எஞ்சின் பெரிதாக வேண்டியிருந்தது என்றே இந்தக் கணக்கைப் பார்த்தால் தோன்றுகிறது.

அப்படியிருந்தும் 1.8 சிறந்தது என்ற பேச்சு ஏன் நிலைத்தது? காரணம் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. 1.8-ஓடு முன் பிரேக் தட்டு 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆனது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலில், பழைய விஸ்கஸ் வகைக்குப் பதிலாக வலுவான டோர்சன் வகை பல மாடல்களில் வந்தது. வளைவில் காரின் நடத்தையை மாற்றுபவை இவைதான். எஞ்சினுக்காகப் பணம் கொடுப்பதாக நினைத்து உண்மையில் டிஃபரன்ஷியலுக்கும் பிரேக்குக்கும் பணம் கொடுக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும். டோர்சன் இல்லாத அடிப்படை 1.8 ஒன்றை, 1.8 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் தான் தேடியதைப் பெறுவதில்லை. மறுபக்கம், 1995-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்ற முதல் தலைமுறை 1.6 எல்லாம் பழைய 1.6 அல்ல. விலை குறைந்த மாடலாக நிறுத்துவதற்காக அதன் திறனை 90 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டார்கள். 1990-இன் 1.6-க்கும் 1996-இன் 1.6-க்கும் விளம்பரத்தில் ஒரே எண். சாலையில் கால் பங்கு திறன் வித்தியாசம். எஞ்சின் அளவை வைத்து முடிவெடுப்பவரை அந்த எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெரிய எஞ்சினுக்கு நியாயம் உள்ள இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 1.8-க்கு 126 குதிரைத்திறன், 2.0-க்கு 160. இரண்டுக்கும் எடை வித்தியாசம் மிகச் சிறிது. 1.8-இல் ஐந்து கியர், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் கிடையாது; 2.0-இன் ஸ்போர்ட் மாடலில் ஆறு கியரும் அந்த டிஃபரன்ஷியலும் உண்டு. எடை பெரிதாக ஏறாமல் திறன் மட்டும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடும் இடத்தில், பெரியதை எடுப்பதே அறிவு. டொயோட்டா ஜிடி86-இன் 2.0 எஞ்சினில் நடுத்தரச் சுழற்சியில் இழுவை சட்டென்று தொய்வதாகப் பலர் குறை சொன்னார்கள். அடுத்து வந்த ஜிஆர்86-இல் எஞ்சின் 2.4 ஆனதும் இழுவை 205-லிருந்து 250 நியூட்டன் மீட்டராக உயர்ந்து அந்தக் குறை தீர்ந்தது. கூடுதல் சிசி காரின் உண்மையான ஒரு குறையைச் சரிசெய்திருந்தால் அதற்குப் பணம் கொடுக்கலாம். எந்தக் குறையும் இல்லாத காருக்கு மேல் ஏற்றிய பெருமையாக இருந்தால் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காம் தலைமுறையில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 1.5 எடுத்துக்கொள்வது 8.3 விநாடி, 2015-இன் 2.0 எடுத்துக்கொள்வது 7.3 விநாடி. காகிதத்தில் ஒரு விநாடி வித்தியாசம். ஆனால் 1.5-இல் முன்பக்க எடை குறைவு, சக்கரம் 16 அங்குலம், எஞ்சின் 7,500 சுற்று வரை ஏறும், அன்றைய 2.0-இல் சக்கரம் 17 அங்குலம், எஞ்சின் 6,800 சுற்றோடு நின்றுவிடும். மாஸ்டா தன் தாய்நாட்டில் துணிக் கூரை மாடலைப் பல ஆண்டுகள் 1.5 எஞ்சினோடு மட்டுமே விற்றது, 2.0 அங்கே கெட்டிக் கூரை மடியும் கனமான மாடலுக்கு மட்டும். காரை உருவாக்கியவர்களே தங்கள் சாலைக்கு எதைப் போதுமென்று கருதினார்கள் என்பது இதில் தெரிகிறது. 2018-இல் 2.0-ஐத் திருத்தி 184 குதிரைத்திறனும் 7,500 சுற்றும் கொடுத்தபோது, சின்ன எஞ்சினிடம் மட்டும் இருந்த துள்ளல் பெரியதுக்கும் கிடைத்தது. ஆகவே இந்தத் தலைமுறையில் 2018-க்கு முந்தைய 2.0-ஐவிட 1.5 மேல், அதற்குப் பிந்தைய 2.0-க்கு விலை கொடுக்க முடிந்தால் அதுவும் நல்ல தேர்வு. கவனியுங்கள், இரண்டு 2.0-க்கும் சிசி ஒன்றுதான்.

சாலையில் நடப்பது என்ன? பிரிட்டனின் உச்சபட்ச வேக வரம்பு மணிக்கு 70 மைல், ஏறத்தாழ 112 கிலோமீட்டர். முதல் தலைமுறை 1.6-இல் எஞ்சினை 7,000 சுற்றுக்கு ஏற்றினால் இரண்டாம் கியரில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டும், மூன்றாம் கியரில் 130 வரும். அதாவது சட்டத்துக்கு உட்பட்டு எஞ்சினின் முழு வீச்சையும் இரண்டு கியர்களில் அனுபவிக்கலாம், மூன்றாவதிலும் பெரும்பகுதியை. பாக்ஸ்டர் எஸ் மாடலின் 3.2-இல் இரண்டாம் கியரை முழுதாக இழுத்து முடிக்கும்போதே வரம்பு வந்து நிற்கும். அதன் பிறகு மீதமுள்ள கியர்களும் மீதமுள்ள திறனும் கார் பந்தயத் தளத்துக்குத்தான். வாரக் கடைசியில் கிராமத்துச் சாலையில் ஓட்டுவதற்காகக் கார் வாங்குபவர், தான் ஒருபோதும் தொட முடியாத திறனுக்குப் பணமும் காப்பீடும் எரிபொருளும் கொடுக்கிறார். சின்ன எஞ்சின் தன்னிடம் உள்ளதை முழுவதும் உங்கள் கையில் தந்துவிடுகிறது. இது ஏழையின் ஆறுதல் அல்ல. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதன் இன்பமே, வண்டியின் எல்லையை நெருங்கிப் பழகுவதில் இருக்கிறது; அந்த எல்லை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

முந்திச் செல்வதற்குக் கூடுதல் திறன் பாதுகாப்பல்லவா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எதிர்த்திசைப் பாதையில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது உயிர் விஷயம். 80-லிருந்து 110 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற 1,100 கிலோ எடைக்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 240 கிலோஜூல் வருகிறது. 131 குதிரைத்திறன் காரும் 160 குதிரைத்திறன் காரும் சரியான கியரில் இருந்தால், இழப்புகளையும் சேர்த்து, இந்த வேலையில் அவற்றுக்கிடையே வரும் வித்தியாசம் அரை விநாடியிலிருந்து முக்கால் விநாடி. அந்த அரை விநாடியை நம்பி முந்துபவர் எந்தக் காரிலும் முந்தக் கூடாது. உயர்ந்த கியரிலேயே வைத்துக்கொண்டு மிதித்தால் பெரிய எஞ்சினின் சாதகம் இதைவிட அதிகம் என்பது உண்மை. ஒரு கியர் கீழே இறக்கினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் நாள்தோறும் இரண்டு பேர் பெட்டிகளோடு மோட்டார்வேயில் நூறு மைல் போகிறவர், மேட்டுப் பகுதியில் குடியிருப்பவர், கியர் மாற்றுவதைச் சுமையாக நினைப்பவர் என்றால் அவர்களுக்குப் பெரிய எஞ்சினே சரி. அவர்களுடைய தேவை வேறு.

இன்னொரு வாதம் மெக்கானிக் பட்டறைகளில் அடிக்கடி கேட்பது: பெரிய எஞ்சின் சிரமப்படாமல் ஓடும், அதனால் நீண்ட நாள் உழைக்கும். லாரிக்கும் டாக்சிக்கும் அது பொருந்தலாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்கள் உழைத்துத் தேய்ந்து சாவதைவிட, எண்ணெய் மாற்றப்படாமல், குளிர்விப்பு நீர் கசிந்து, மாதக்கணக்கில் நின்று கெடுவதே அதிகம். பாக்ஸ்டரின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1996 முதல் 2008 வரையிலான எஞ்சின்களில் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால் முழு எஞ்சினும் போகும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை தயாரான போர்ஷேயின் பாக்ஸ்டர், 911 கார்களின் உரிமையாளர்கள் இதற்காகக் கூட்டு வழக்குத் தொடுத்து, அது 2013-இல் சமரசத்தில் முடிந்தது. இந்தப் பேரிங் 2.7-இலும் உடைந்தது, 3.2-இலும் உடைந்தது. பெரிய எஞ்சின் வாங்கியவரை அந்தக் கூடுதல் அரை லிட்டர் காப்பாற்றவில்லை. அதன் பிறகு சிலிண்டர் சுவர் கீறல் என்ற வேறொரு நோய் பேசப்பட்டது; அது அதிகம் தாக்கியது 3.4, 3.6, 3.8 லிட்டர் எஞ்சின்களை. 2.7-இல் அது குறைவு. 2009-இல் புது வடிவமைப்பில் வந்த 2.9, 3.4 எஞ்சின்களில் அந்த இடைத்தண்டு பேரிங்கே இல்லை. ஆக பாக்ஸ்டர் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது எந்த ஆண்டு, பேரிங் மாற்றியதற்கு ரசீது உண்டா, எண்ணெய் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறியது என்பவை. இவற்றுக்கு நல்ல பதில் உள்ள 2.7, பதில் இல்லாத 3.2-ஐவிட எல்லா வகையிலும் மேல்.

எம்எக்ஸ்-5-க்கு எஞ்சின் பெரிய ஆபத்தே அல்ல. 1989 முதல் 1991 தொடக்கம் வரையிலான 1.6-களில் கிராங்க் தண்டின் முனை குட்டையாக இருந்து, அதில் பொருந்தும் கப்பி தளர்ந்து சேதம் வருவது உண்டு. அதை மட்டும் பார்த்துக்கொண்டால் இந்த எஞ்சின்கள் முரட்டு உழைப்பாளிகள். காரைக் கொல்வது துரு. துணிக் கூரையின் அடியில் மழைநீர் வடிய இரண்டு துளைகள் உண்டு. இலைச்சருகு அடைத்தால் நீர் கதவுக்குக் கீழே உள்ள சில் பெட்டிக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. பின் சக்கர வளைவுகள் உப்பி நிற்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க அடிச்சட்டம் அரிபடுவது காரைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பெயின்ட் பளபளக்கும், எஞ்சின் இனிமையாக ஓடும், அடியில் இரும்பு இற்றுப்போயிருக்கும். வெட்டி ஒட்டி வெல்டிங் செய்யும் செலவு, 1.6-க்கும் 1.8-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை எளிதில் விழுங்கிவிடும். இங்கேதான் வாங்குபவரின் கவனத்தில் முக்கால் பங்கு செலவாக வேண்டும். நடப்பதோ, அந்தக் கவனம் முழுவதும் சிசி விவாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதுதான் என் உண்மையான ஆதங்கம்.

வரி, காப்பீடு பற்றிய நம்பிக்கைகளிலும் திருத்தம் தேவை. பிரிட்டனில் 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு எஞ்சின் அளவை வைத்தே சாலை வரி. ஆனால் எல்லைக்கோடு 1,549 சிசி. எம்எக்ஸ்-5-இன் 1,597-உம் 1,839-உம் அந்தக் கோட்டுக்கு மேலேதான். இரண்டுக்கும் ஒரே வரி. வரி மிச்சமாகும் என்று 1.6 வாங்குபவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. மலேசியாவில் நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவில் 1,401 முதல் 1,600 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டு வரி 90 ரிங்கிட். 1,998 சிசி காருக்கு 379 ரிங்கிட். காரின் விலையோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசமும் சிறு தொகைதான். பெட்ரோலையும் டயரையும் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சின்ன எஞ்சினின் சிக்கனம் தெரியும். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பிரிட்டனில் காப்பீடே காரின் விலையைத் தொடலாம் என்பதால், அவர்கள் எந்த மாடலுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

விற்கும்போது பெரிய எஞ்சினுக்குத்தானே விலை என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். கிடைக்கும், ஆனால் நீங்களும் வாங்கும்போது அதே கூடுதல் விலையைக் கொடுத்திருப்பீர்கள். இடையில் பெரிய பிரேக்குக்கும் பெரிய டயருக்கும் கொடுத்த கூடுதல் பணம் திரும்பி வராது. முப்பது வயதான எம்எக்ஸ்-5-களில் இன்று அதிக விலை போகின்றவை துருப்பிடிக்காத, அசல் நிலையில் உள்ள, ரசீதுகள் அடுக்கிவைக்கப்பட்ட கார்கள். ஆரம்பகால 1.6 சேகரிப்பாளர்களால் தேடப்படுவதும் அதனால்தான். சின்ன எஞ்சின் ஆறு மாதத்தில் சலித்துவிடும் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. வேகத்துக்கு மனம் பழகிவிடும். 160 குதிரைத்திறனுக்கும் பழகும், 300-க்கும் பழகும். சலிப்புக்கு மருந்து திறனில் இல்லை. ஸ்டீயரிங் எப்படிப் பேசுகிறது, கியர் எவ்வளவு துல்லியமாக விழுகிறது, பிரேக் எவ்வளவு நம்பிக்கை தருகிறது என்பவற்றுக்கு மனம் அவ்வளவு சீக்கிரம் சலிப்பதில்லை.

எனவே பெரிய எஞ்சினுக்கென்று ஒதுக்கிய கூடுதல் தொகையைத் தனியே வையுங்கள். வாங்கிய முதல் மாதத்தில் நான்கு நல்ல டயர்கள், புது பிரேக் திரவம், ரேடியேட்டர் குழாய்கள், முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 என்றால் டைமிங் பெல்ட் ஆகியவற்றுக்கு அதைச் செலவிடுங்கள்; இருபது ஆண்டுக் காரை இது மாற்றும் அளவுக்குக் கூடுதல் சிசி மாற்றாது. பிரிட்டனில் ஒவ்வொரு காரின் ஆண்டுத் தகுதிச் சோதனை வரலாறும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவெண்ணைக் கொடுத்தால் 2005 வரை பின்னோக்கி, எந்த ஆண்டு எந்த இடத்தில் துரு என்று சோதனையாளர் எழுதினார், மீட்டரில் எவ்வளவு ஓடியிருந்தது என்பதெல்லாம் வந்துவிடும். காரைப் பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் பதிவெண்ணைக் கேட்டு வாங்கி அதை முழுவதும் படியுங்கள். தர மறுத்தால், அது 1.6 ஆனாலும் 3.2 ஆனாலும், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.